சிசேரியன் கருப்பைத் தழும்புக் குறைபாடு

சிசேரியன் கருப்பைத் தழும்புக் குறைபாடு என்பது, சிசேரியன் எனப்படும் அறுவை மகப்பேற்றின்போது கருப்பைச் சுவரில் இடப்பட்ட வெட்டு முழுமையாக ஆறாமல், அவ்விடத்தில் பள்ளமோ மெலிவோ தங்கிவிடும் நிலையாகும். மருத்துவ நூல்களில் இது 'இஸ்த்மோசீல்' என்றும் 'நிச்' என்றும் குறிக்கப்படுகிறது. 'நிச்' என்னும் சொல்லுக்குச் சுவரில் உள்ள மாடக்குழி என்பது பொருள். பழைய வீடுகளின் சுவரில் விளக்கு வைக்கும் மாடம் எவ்வாறு சுவரின் பருமனைக் குறைத்து உட்குழிந்து இருக்கிறதோ, அவ்வாறே இப்பள்ளமும் கருப்பையின் உட்புறத்திலிருந்து சுவரைக் குடைந்தது போல் அமைந்திருக்கும்.

பெரும்பாலான பெண்களுக்கு இக்குறைபாட்டால் எவ்விதத் தொல்லையும் ஏற்படுவதில்லை. சிலருக்கு மாதவிடாய்க்குப் பின் நீடிக்கும் குருதிக்கசிவு, வயிற்று வலி, அடுத்த கருத்தரிப்பில் தாமதம் ஆகியவை ஏற்படுகின்றன. மிகச் சிலருக்கு அடுத்த கருத்தரிப்பின்போது உயிருக்கு ஆபத்தான குருதிப்பெருக்கு ஏற்படலாம். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பு நன்கு ஆறியிருப்பதைக் கொண்டு கருப்பையின் தழும்பும் நன்கு ஆறியிருக்கிறது என்று கூற இயலாது. இவை இரண்டும் வெவ்வேறு திசுக்களில் ஏற்படும் வெவ்வேறு காயங்கள் ஆகும். ஏறத்தாழ இரண்டு பிறப்புகளில் ஒன்று அறுவை மூலம் நிகழும் தமிழ்நாட்டில், இது ஓர் அரிய நோயைப் பற்றிய செய்தி அன்று. மதுரை போன்ற ஒரு நகரத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் ஏராளமான குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

கருப்பைச் சுவரின் அமைப்பு

கருப்பைச் சுவர் மூன்று படலங்களால் ஆனது. உள்ளே இருப்பது மாதந்தோறும் வளர்ந்து உதிரும் உட்படலம். நடுவில் இருப்பது தடித்த தசைப்படலம். வெளியே இருப்பது மெல்லிய வெளிப்படலம். பிள்ளைப்பேற்றின்போது சுருங்கி விரிந்து குழந்தையை வெளித்தள்ளுவதும், பேற்றுக்குப் பின் இறுகிக் குருதிக்குழாய்களை அடைத்துக் குருதிப்போக்கை நிறுத்துவதும் தசைப்படலத்தின் பணிகள் ஆகும்.

கருப்பையின் உடற்பகுதிக்கும் கருப்பை வாய்க்கும் இடையே குறுகலான ஒரு பகுதி உண்டு. கருவுற்ற கடைசி மாதங்களில் இது விரிந்து மெலிந்து 'கருப்பைக் கீழ்ப்பகுதி' ஆகிறது. இன்று பெரும்பாலான சிசேரியன் அறுவைகளில் வெட்டு இப்பகுதியில்தான் குறுக்குவாட்டில் இடப்படுகிறது. இங்குத் தசை மெலிதாக இருப்பதால் குருதியிழப்பு குறைவு. பிற்காலத்தில் தழும்பு கிழிவதற்கான வாய்ப்பும் குறைவு. குழந்தை மிகக் குறைமாதத்தில் இருக்கும்போதும், வேறு சில சூழல்களிலும் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்குவாட்டில் வெட்ட நேரிடுகிறது. இது 'மரபு வெட்டு' எனப்படும்.

தோலில் இடப்படும் வெட்டின் திசையும் கருப்பையில் இடப்படும் வெட்டின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தொப்புளுக்குக் கீழே நெடுக்குத் தழும்பு உள்ள பெண்ணின் கருப்பையில் குறுக்கு வெட்டு இருக்கலாம்; அடிவயிற்றில் குறுக்குத் தழும்பு உள்ள பெண்ணின் கருப்பையில் நெடுக்கு வெட்டு இருக்கலாம். எந்த வெட்டு இடப்பட்டது என்பதை அறிய அறுவைக் குறிப்பு ஒன்றே உறுதியான வழியாகும்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, சிசேரியன் செய்த மருத்துவர்கள் கருப்பையில் இட்ட வெட்டைத் தைப்பதில்லை. கருப்பை தானே சுருங்கிக் காயத்தை மூடிக்கொள்ளும் என்று கருதப்பட்டது. இதனால் குருதியிழப்பாலும் தொற்றாலும் தாய்மார்களில் பெரும்பாலோர் இறந்தனர். 1876இல் இத்தாலிய மருத்துவர் எதுவார்தோ பொர்ரோ, குழந்தையை எடுத்தபின் கருப்பையையே அகற்றிவிடும் முறையைக் கையாண்டு ஒரு தாயைக் காப்பாற்றினார். தாய் பிழைத்தாலும் மீண்டும் கருவுற இயலாத நிலை இம்முறையால் ஏற்பட்டது.

1882இல் செருமனியைச் சேர்ந்த மாக்சு செங்கர், கருப்பை வெட்டைத் தையலிட்டு மூடுவதன் தேவையை விளக்கி அதற்கான முறையையும் வெளியிட்டார். அவருக்கு ஓராண்டு முன்பு, 1881இல், அந்நாட்டைச் சேர்ந்த பெர்டினாண்டு கேரர் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு இட்டு அறுவை செய்திருந்தார். எனினும் கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு பரவலானது 1920களில் கிளாசுகோ நகர மருத்துவர் மன்ரோ கெர் அதை வலியுறுத்திய பின்னரே ஆகும்.

1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின், ஒருமுறை சிசேரியன் செய்துகொண்ட பெண்ணுக்கு எப்பொழுதும் சிசேரியன்தான் என்னும் கருத்தை எழுதினார். நெடுக்கு வெட்டே வழக்கில் இருந்த காலத்தில், தழும்பு கிழியும் என்ற அச்சத்தில் எழுந்த கருத்து அது. தேவையின்றி முதல் சிசேரியன் செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்பதே அவருடைய கட்டுரையின் நோக்கமாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அறுவைக்குப் பின் தாய் பிழைப்பது அரிதாக இருந்த காலத்தில் தழும்பைப் பற்றிய கேள்வி எழவில்லை. அறுவை பாதுகாப்பானதாக மாறி, சிசேரியன் செய்துகொண்ட பெண்களின் எண்ணிக்கை பெருகிய பின்னரே தழும்பு தனியே ஆராயப்பட்டது. 1995இல் மாரிசு என்னும் நோயியல் மருத்துவர், அகற்றப்பட்ட கருப்பைகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, தழும்பில் காணப்படும் மாற்றங்களே சில பெண்களின் குருதிக்கசிவுக்கும் வலிக்கும் காரணமாகலாம் என்று தெரிவித்தார். யோனி வழி மீயொலிச் சோதனை (ஸ்கேன்) பரவிய பின், உயிருடன் இருக்கும் பெண்களிடமே இப்பள்ளத்தைக் காண முடிந்தது. 2019இல் ஐரோப்பிய வல்லுநர் குழு ஒன்று, சிசேரியன் தழும்பு உள்ள இடத்தில் தசைப்படலத்தில் குறைந்தது 2 மி.மீ. ஆழமுள்ள பள்ளம் இருந்தால் அதனைக் குறைபாடு எனக் கொள்ளலாம் என்று வரையறுத்தது.

தழும்பு ஆறும் முறை

பிள்ளை பெற்றவுடன் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடை இருக்கும் கருப்பை, ஆறு வாரங்களில் 100 கிராமுக்கும் குறைவான எடைக்குச் சுருங்கிவிடுகிறது. உடலில் வேறெந்த உறுப்பின் காயமும் இவ்வளவு விரைவாகச் சுருங்கிக்கொண்டே ஆற வேண்டிய நிலையில் இருப்பதில்லை. முதலில் குருதி உறைகிறது. அடுத்து அழற்சி ஏற்பட்டுச் சிதைந்த திசு அகற்றப்படுகிறது. பின்னர்ப் புதிய திசுவும் குருதிக்குழாய்களும் உருவாகின்றன. இறுதியில் நார்த்திசு மாதக்கணக்கில் சீரமைகிறது. தழும்பு ஆறிய இடத்தில் தசைநார்களுடன் நார்த்திசுவும் கலந்திருக்கும். தையலிட்ட இரு விளிம்புகளும் ஒரே அளவு தடிப்பில் இராமையால் (மேல் விளிம்பு தடித்தும் கீழ் விளிம்பு மெலிந்தும் இருக்கும்) அவை சரியாகப் பொருந்தாமல் போவதற்கு வாய்ப்பு உண்டு. அவ்வாறு பொருந்தாத இடத்தில்தான் பள்ளம் தங்குகிறது.

காரணங்கள்

இக்குறைபாட்டுக்கு ஒரே ஒரு காரணத்தைச் சுட்ட இயலாது. ஆய்வுகளில் தொடர்பு காணப்பட்டவை பின்வருமாறு:

- சிசேரியன்களின் எண்ணிக்கை. ஒவ்வோர் அறுவையுடனும் பள்ளம் ஏற்படும் வாய்ப்பும் அதன் அளவும் கூடுகின்றன.
- நெடுநேரப் பிரசவ வலிக்குப் பின், கருப்பை வாய் வெகுவாகத் திறந்த நிலையில் செய்யப்படும் அறுவை. அப்போது கீழ்ப்பகுதி மிகவும் மெலிந்து மேலேறி இருப்பதால், வெட்டு கருப்பை வாய்த் திசுவுக்கு அருகில் விழ நேரிடுகிறது. அங்குள்ள சளிச் சுரப்பிகள் தழும்பு ஆறுவதைக் கெடுக்கலாம் எனக் கருதப்படுகிறது.
- பின்புறம் சாய்ந்த கருப்பை. இந்நிலையில் தழும்பின் மீது இழுவிசை கூடுகிறது.
- நீரிழிவு, உடற்பருமன், அறுவைக்குப் பின் ஏற்படும் தொற்று.

தையல் முறையைப் பற்றிய விவாதம் நீண்டகாலமாக நடந்து வருகிறது. வெட்டை ஒரே அடுக்காகத் தைப்பதைவிட இரண்டு அடுக்காகத் தைப்பது நல்லது என்ற கருத்து பரவலாக இருந்தது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட 'கொரோனிசு' ஆய்வு, மூன்றாண்டுத் தொடர் கண்காணிப்புக்குப் பின் 2016இல் வெளியிட்ட முடிவில், இரு முறைகளுக்கும் இடையே அடுத்த கருத்தரிப்பின் விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. நெதர்லாந்தில் நடந்து 2021இல் வெளியான மற்றோர் ஆய்விலும், இரண்டு அடுக்குத் தையல் மாதவிடாய்க்குப் பிந்திய கசிவைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அதாவது, பள்ளம் இருப்பதை வைத்தே அறுவை செய்தவர் தவறு செய்தார் என்று முடிவு செய்ய இயலாது.

அறிகுறிகள்

பள்ளம் உள்ள பெண்களில் பலருக்கு அறிகுறி எதுவும் இராது. அறிகுறி உள்ளவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது, மாதவிடாய் முடிந்த பின்னும் பல நாட்கள் பழுப்பு அல்லது கருஞ்சிவப்பு நிறத்தில் நீடிக்கும் குருதிக்கசிவு ஆகும். மாதவிடாய்க் குருதி பள்ளத்தில் தேங்கிப் பின்னர்ச் சிறிது சிறிதாக வடிவதும், பள்ளத்தின் சுவரில் உள்ள நுண்ணிய குருதிக்குழாய்களிலிருந்து கசிவதும் இதற்குக் காரணங்கள். மாதவிடாய் வலி, நாட்பட்ட அடிவயிற்று வலி, உடலுறவின்போது வலி ஆகியவையும் ஏற்படலாம். பள்ளத்தில் தேங்கும் நீர்மம் கருப்பையின் உட்புறத்துக்குப் பரவிக் கருத்தரிப்புக்குத் தடையாகலாம்.

தமிழகத்தில் இவ்வறிகுறி பெரும்பாலும் 'உடல் சூடு' என்றோ வெள்ளைப்படுதலின் ஒரு வகை என்றோ எண்ணப்பட்டு விடப்படுகிறது. மாதவிடாய் நாட்களில் கோயிலுக்கும் விசேடங்களுக்கும் செல்லாமல் விலகியிருக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில், மாதத்தில் பத்து அல்லது பன்னிரண்டு நாட்கள் கசிவு நீடிக்கும் பெண்ணின் அன்றாட வாழ்வு அதனால் பெரிதும் சுருங்கிவிடுகிறது. இயக்குநீர்க் கோளாறு, நார்த்திசுக்கட்டி, கருப்பை வாய்ப் புற்று ஆகியவற்றாலும் இத்தகைய கசிவு ஏற்படலாம் என்பதால், எக்காரணம் என்று அறியாமல் தழும்பின் மீது மட்டும் பழி போடுவதும் தவறாகும்.

கண்டறிதல்

யோனி வழி மீயொலிச் சோதனையே முதன்மையான முறையாகும். இதில் பள்ளத்தின் ஆழம், நீளம், அகலம் ஆகியவற்றுடன், பள்ளத்துக்கு வெளியே எஞ்சியுள்ள தசையின் தடிப்பும் அளக்கப்படுகிறது. எஞ்சிய தடிப்பே மருத்துவ முறையைத் தேர்வதில் முக்கிய இடம் பெறுகிறது. கருப்பையினுள் உப்புநீரைச் செலுத்தியபடி பார்த்தால் பள்ளம் மேலும் தெளிவாகத் தெரியும். 2014இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, சிசேரியன் செய்துகொண்ட பெண்களில் சாதாரண யோனி வழிச் சோதனையில் 24 முதல் 70 விழுக்காட்டினரிடமும், உப்புநீர் செலுத்திப் பார்த்தபோது 56 முதல் 84 விழுக்காட்டினரிடமும் பள்ளம் காணப்பட்டது. இவ்வளவு பேரிடம் காணப்படுவதாலேயே, அறிகுறி இல்லாதவரிடம் காணப்படும் சிறு பள்ளத்தை நோயாகக் கருதக்கூடாது எனவும் அறியலாம்.

கருப்பை அகநோக்கி, காந்த ஒத்ததிர்வுப் படம் (எம்.ஆர்.ஐ.) ஆகியவை தேவைக்கேற்பப் பயன்படுகின்றன.

அடுத்த கருத்தரிப்பில் ஏற்படக்கூடிய சிக்கல்கள்

தழும்பில் கருப்பதிதல்: கருவானது கருப்பையின் இயல்பான இடத்தில் பதியாமல் பழைய தழும்பிலேயே பதிந்துவிடுவது இதுவாகும். 1978இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இது முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவானது. ஏறத்தாழ 2,000 கருத்தரிப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் நிகழ்வதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆறு அல்லது ஏழாவது வாரத்தில் செய்யப்படும் மீயொலிச் சோதனையில் இதைக் கண்டறிய வாய்ப்பு மிகுதி. வாரங்கள் செல்லச் செல்லக் கரு வளர்ந்து அடையாளம் மறைவதுடன் ஆபத்தும் கூடுகிறது. இந்நிலையை அறியாமல் கருக்கலைப்பு மாத்திரைகளை மருந்துக்கடையில் வாங்கி உட்கொள்வதும், சாதாரணக் கருக்கலைப்பு என எண்ணிக் கருப்பையைச் சுரண்டுவதும் கட்டுக்கடங்காத குருதிப்போக்கை உண்டாக்கலாம்.

சூல்வித்தகம் ஊடுருவல்: சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) தழும்பின் மீது பதிந்து, தசைப்படலத்தினுள் வேர் விட்டதுபோல் ஊடுருவுவதால், குழந்தை பிறந்த பின் அது பிரிவதில்லை. சில வேளைகளில் சிறுநீர்ப்பை வரையிலும் ஊடுருவும். சூல்வித்தகம் கருப்பை வாயை மறைத்துக் கீழே அமைந்திருக்கும் பெண்களில் இவ்வாபத்து மிகுதி. 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், அவ்வாறு சூல்வித்தகம் கீழே அமைந்திருந்த பெண்களில் ஊடுருவல் காணப்பட்ட அளவு வருமாறு: முதல் சிசேரியனில் 3 விழுக்காடு, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61, ஐந்தாவதிலும் அதற்கு மேலும் 67. பல வேளைகளில் தாயைக் காக்கக் கருப்பையை அகற்ற வேண்டியிருக்கும். முன்கூட்டியே அறிந்து, குருதியும் வல்லுநர்களும் ஆயத்தமாக உள்ள இடத்தில் அறுவை செய்தால் தாய் பிழைப்பதற்கான வாய்ப்பு பெரிதும் கூடுகிறது.

கருப்பைக் கிழிவு: பிரசவ வலியின்போது பழைய தழும்பு பிளந்துகொள்வது. கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு குறுக்குத் தழும்பு உள்ள பெண் இயல்பான பேற்றுக்கு முயலும்போது 1,000 பேரில் 5 முதல் 9 பேருக்கு இது ஏற்படுகிறது. மரபு வெட்டு உள்ளவர்களில் 100 பேரில் 4 முதல் 9 பேருக்கு ஏற்படுகிறது. எனவேதான் மரபு வெட்டு உள்ளவர்களுக்கு இயல்பான பேறு அறிவுறுத்தப்படுவதில்லை. குழந்தையின் இதயத் துடிப்பில் ஏற்படும் மாறுதலே கிழிவின் முதல் அடையாளமாகப் பெரும்பாலும் அமைகிறது. தழும்பின் மேல் ஓயாத வலி, குருதிப்போக்கு, வந்துகொண்டிருந்த வலி திடீரென நின்றுபோதல் ஆகியவை பிற அடையாளங்கள்.

முந்திய சிசேரியனுக்கும் அடுத்த பேற்றுக்கும் இடையே 18 மாதங்களுக்கும் குறைவான இடைவெளி இருந்தால் கிழிவின் வாய்ப்பு கூடுகிறது. ஒரு குழந்தை பிறந்து 24 மாதங்களுக்குப் பின்னரே அடுத்த கருத்தரிப்புக்கு முயல வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பொதுப் பரிந்துரையாகும்.

மருத்துவம்

அறிகுறி இல்லாமல், மீண்டும் கருத்தரிக்கும் எண்ணமும் இல்லாதவர்களுக்கு மருத்துவம் தேவையில்லை. கசிவு தொல்லை தரும்போது கருத்தடை மாத்திரைகள் அல்லது இயக்குநீர் சுரக்கும் கருப்பைச் சாதனம் முதலில் பரிந்துரைக்கப்படலாம். இவை பள்ளத்தை மூடுவதில்லை. மாதவிடாய்க் குருதியைக் குறைத்துக் கசிவைக் குறைக்கின்றன.

எஞ்சிய தசை ஏறத்தாழ 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், கருப்பை அகநோக்கி வழியாகப் பள்ளத்தின் விளிம்பைச் சீவிக் குருதி தேங்காமல் வடியச் செய்யலாம். நெதர்லாந்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் இம்முறை கசிவு நாட்களைக் குறைத்தது. தசை அதைவிட மெலிந்திருந்தால் இம்முறையில் கருப்பையோ சிறுநீர்ப்பையோ துளைபடக்கூடும். அத்தகையவர்களுக்கு, குறிப்பாக மீண்டும் கருவுற விரும்புவோருக்கு, வயிற்றறை நோக்கி (லேப்ராஸ்கோப்பி) வழியாகவோ யோனி வழியாகவோ பழைய தழும்பை வெட்டி நீக்கி மீண்டும் தைக்கும் முறை உண்டு. அறிகுறிகள் கடுமையாக இருந்து, வேறெதுவும் பயன்தராமல், குழந்தை வேண்டாதவர்களுக்குக் கருப்பையை அகற்றுதல் இறுதி வழியாகும்.

தமிழ்நாட்டில்

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சிசேரியன் பிறப்புகள் 2015–16இல் 34.1 விழுக்காடாகவும், 2019–21இல் 44.9 விழுக்காடாகவும் இருந்தன. அதே காலத்தில் இந்திய அளவு 17.2 விழுக்காட்டிலிருந்து 21.5 ஆக உயர்ந்தது. 2019–21 ஆய்வில், தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நிகழ்ந்த பிறப்புகளில் 63.8 விழுக்காடும், அரசு மருத்துவமனைகளில் 36.0 விழுக்காடும் சிசேரியன் ஆகும். ஒரு மக்கள்தொகையில் சிசேரியன் அளவு 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுவதால் தாய், சேய் இறப்புகள் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் அறிவித்தது. தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் கிடைக்க வேண்டும் என்பதையும் அவ்வறிக்கை வலியுறுத்தியது.

தமிழ்நாட்டின் தாய் இறப்பு வீதம் இந்திய அளவைவிடக் குறைவு. 2018–20 காலத்தில் ஒரு லட்சம் உயிருடைய பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 ஆகவும் தமிழ்நாட்டில் 54 ஆகவும் அது இருந்தது. உரிய நேரத்தில் கிடைத்த அறுவை மகப்பேறு இதற்கு உதவிய காரணங்களுள் ஒன்றாகும். ஆகவே சிசேரியனைத் தீமை என்று தள்ளவும் இயலாது. தழும்பைக் கணக்கில் கொள்ளாமல் இருக்கவும் இயலாது.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே பிறக்கின்றன (2019–21). நான்கு, ஐந்து சிசேரியன் செய்துகொள்ளும் பெண்கள் இங்கு அரிது. எனவே தழும்பின் ஆபத்து இங்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நேரத்தில், அதாவது இரண்டாவது கருத்தரிப்பில், எதிர்கொள்ளப்படுகிறது. முதல் சிசேரியன் தவிர்க்கப்பட்டால் அடுத்த பேற்றிலும் அந்த ஆபத்து இல்லை. நல்ல நாள், நட்சத்திரம் பார்த்துக் குழந்தையை எடுக்கும் அறுவைகளைப் பற்றி எண்ணும்போது இது கருத்தில் கொள்ள வேண்டிய செய்தியாகும்.

மதுரை வட்டாரத்தில்

மதுரையில் வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்தை அடுத்துள்ள அரசு இராசாசி மருத்துவமனை, மக்களால் 'பெரியாஸ்பத்திரி' என்று அழைக்கப்படுகிறது. முன்பு எர்ஸ்கின் மருத்துவமனை என்ற பெயருடன் இருந்த இது, 1954இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையாகும். தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் சிக்கலான பேறுகள் நீண்டகாலமாக இங்கு அனுப்பப்பட்டு வந்துள்ளன. தேனியிலும் சிவகங்கையிலும் பின்னர் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. திண்டுக்கல், விருதுநகர், இராமநாதபுரம் ஆகிய இடங்களில் 2022 சனவரியில் திறக்கப்பட்டன. மாநிலத்தில் 24 மணி நேரமும் அறுவை மகப்பேறும் குருதியேற்றும் வசதியும் உள்ள அரசு மையங்கள் 'சீமாங்' மையங்கள் எனப்படுகின்றன. 2008இல் தொடங்கிய 108 அவசர ஊர்தி, ஊர்ப்புறப் பெண்களை இத்தகைய மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்கிறது.

தழும்பு உள்ள பெண்ணுக்குப் பேறு நிகழும் இடம் முக்கியமானது. கிழிவோ குருதிப்பெருக்கோ ஏற்பட்டால் நிமிடக் கணக்கில் அறுவை செய்ய வேண்டியிருக்கும். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 40 கி.மீ.; பேரையூர்ப் பக்கத்துச் சிற்றூர்களுக்குத் தொலைவு இன்னும் கூடுதல். வலி வந்த பின் புறப்படலாம் என்று காத்திருப்பது, முதல் பேறு இயல்பாக நிகழ்ந்த பெண்ணைவிடச் சிசேரியன் தழும்பு உள்ள பெண்ணுக்கு ஆபத்தானது.

இவ்வட்டாரத்து மற்றொரு வழக்கமும் இங்குக் கருதத்தக்கது. வளைகாப்புக்குப் பின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் சென்று தலைப்பிரசவம் பார்ப்பது மரபு. இரண்டாவது பேறு பெரும்பாலும் கணவர் ஊரில் நிகழும். மேலூரில் பிறந்த பெண்ணின் முதல் அறுவை அவ்வூர்ப் பக்கத்து மருத்துவமனையில் நடந்திருக்கும். இரண்டாவது கருத்தரிப்பை வாடிப்பட்டியிலோ திருமங்கலத்திலோ உள்ள மருத்துவர் பார்ப்பார். முதல் அறுவையில் என்ன வெட்டு இடப்பட்டது, ஏன் சிசேரியன் செய்யப்பட்டது, வெட்டு கிழிந்து நீண்டதா, தொற்று ஏற்பட்டதா என்பவை முதல் மருத்துவமனையின் குறிப்பில் மட்டுமே இருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது தரப்படும் 'டிஸ்சார்ஜ் சம்மரி' தாள் தொலைந்துவிட்டால், இரண்டாவது மருத்துவர் தோல் தழும்பைப் பார்த்து ஊகிக்க வேண்டியவர் ஆகிறார். ஊகத்தின் மீது இயல்பான பேற்றுக்கு விடத் துணியாமல் மீண்டும் சிசேரியன் செய்யப்படுவதும் உண்டு. தாளைப் பாதுகாத்து வைத்திருப்பது, அதன் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பது, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே கிராம சுகாதாரச் செவிலியரிடம் அதைக் காட்டுவது ஆகியவை செலவில்லாத பாதுகாப்பு முறைகள் ஆகும்.

2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை இருந்தது. தழும்பால் ஏற்படும் குருதிப்போக்கு எதுவாயினும், குருதிச்சோகை உள்ள பெண்ணை அது விரைவாக ஆபத்து நிலைக்குத் தள்ளும். இதனால் தழும்பு உள்ளவர்கள் அடுத்த கருத்தரிப்புக்கு முன்பே குருதிச்சோகையைச் சரிசெய்துகொள்வது நல்லது.

தவறான கருத்துகள்

- 'தண்ணீர் மிகுதியாகக் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும்' என்னும் நம்பிக்கையால் பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தண்ணீரைக் குறைப்பது உண்டு. இதற்கு அடிப்படை இல்லை. பாலூட்டும் தாய்க்குத் தண்ணீர் கூடுதலாகவே தேவை.
- 'பத்தியம் தவறியதால் உள்தையல் பிரிந்துவிட்டது' என்று பெண்ணைக் குறை கூறுவதற்கும் அடிப்படை இல்லை. மேலே கூறப்பட்ட காரணங்களுள் உணவுப் பத்தியம் இடம்பெறவில்லை.
- 'முதல் குழந்தை சிசேரியன் என்றால் இரண்டாவதும் சிசேரியன்தான்' என்பது எல்லோருக்கும் பொருந்தாது. தகுந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, அறுவை வசதி உள்ள மருத்துவமனையில் முயலும்போது 60 முதல் 80 விழுக்காட்டினருக்கு இயல்பான பேறு கைகூடுகிறது.
- 'தோல் தழும்பு ஆறிவிட்டது. ஆகவே உள்ளேயும் ஆறிவிட்டது' என்பது தவறு.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

சிசேரியனுக்குப் பின் வரும் வாரங்களில் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, திடீரெனக் கூடும் குருதிப்போக்கு ஆகியவை ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருப்பைத் தையல் தொற்றால் சிதைந்து, பேற்றுக்குப் பல நாட்கள் கழித்தும் குருதிப்பெருக்கை உண்டாக்கலாம். மாதவிடாய்க்குப் பின் கசிவு பல மாதங்கள் தொடர்ந்தால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சிசேரியன் செய்துகொண்ட பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால், ஆறு அல்லது ஏழாவது வாரத்திலேயே மீயொலிச் சோதனை செய்து கரு எங்குப் பதிந்துள்ளது என்று அறிவது நல்லது. கருவைக் கலைக்க விரும்புவோருக்கும் இது பொருந்தும். பிற்பட்ட மாதங்களில் செய்யப்படும் சோதனையில் சூல்வித்தகம் தழும்பின் மீது அமைந்துள்ளதா என்று குறிப்பாகக் கேட்டறிய வேண்டும். அவ்வாறு அமைந்திருந்தால், குருதி வங்கியும் வல்லுநர்களும் உள்ள பெரிய மருத்துவமனையில் பேற்றை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.